ஒரு தாள், எட்டுப் பக்கம்: குழந்தை தன் கையால் பத்திரிகை தயாரித்துப் பகிர முழுமையான வழிகாட்டி

என் மகள் ஆறு வயதில் தானே தயாரித்துக் கொண்டுவந்த முதல் பத்திரிகையில் பக்க எண்கள் 1, 2, 3, 7 என்று இருந்தன. நடுவில் உள்ளவை எங்கே என்று கேட்டதற்கு, "எனக்கு ஏழு பிடிக்கும்" என்றாள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'எரும்புச் செய்தி' என்று பெயர். ற வர வேண்டிய இடத்தில் ர உட்கார்ந்திருந்தது. உள்ளே, சுவர் விரிசலை நோக்கிப் போகும் எறும்பு வரிசை. ஒரே ஒரு எறும்பு மட்டும் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. அதன் தலைக்கு மேல் ஒரு வரி: "எதையோ மறந்துவிட்டது."

நான் சிவப்புப் பேனாவை எடுத்து ர-வை அடித்து ற போட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் வீட்டில் எந்தப் பத்திரிகையும் வெளிவரவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதும், பிறகு இரண்டு வருடமாக ஓர் ஆறு வயது ஆசிரியரிடம் (இப்போது எட்டு) உதவியாளராக வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி. குழந்தைகள் கையால் செய்பவற்றில் பொம்மை, முகமூடி, வாழ்த்து அட்டை எல்லாம் உண்டு. அவற்றில் பத்திரிகையை நான் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மற்றவை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கொடுத்துவிட்டால் கையை விட்டுப் போய்விடும். பத்திரிகையைப் பிரதி எடுக்கலாம். கொடுக்கவும் செய்யலாம், வைத்துக்கொள்ளவும் செய்யலாம். தன் பொருளைப் பிரிய மனமில்லாத குழந்தைக்கு இது பெரிய நிம்மதி.

முதல் படி: தேவையானவை

ஏ4 வெள்ளைத் தாள், கறுப்பு மை பேனா, பென்சில், முனை மழுங்கிய கத்தரிக்கோல். இவ்வளவு போதும். தாள் சாதாரண நகல் தாளாகவே இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் அழகாக மடியும். நல்ல வேலைக்கு நல்ல தாள் என்று கெட்டியான ஓவியத் தாளை வாங்கிக் கொடுத்தால் மடிப்பு உப்பிக்கொண்டு நிற்கும். விலை உயர்ந்த தாளைக் கண்டால் குழந்தைக்குக் கை நடுங்கும் என்பது இன்னொன்று. கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் தாளில்தான் துணிச்சலான கோடுகள் விழும்.

மினுமினுப்புத் தூள், ஒட்டும் மணிகள், ஸ்டிக்கர் எதுவும் முதல் இதழுக்கு வேண்டாம். அவை மேஜைக்கு வந்தால் குழந்தை சொல்ல வந்த கதையை விட்டுவிட்டு அலங்காரத்துக்குப் போய்விடும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் சிறு மணிகளை எந்த இதழுக்கும் எடுக்காதீர்கள், வாய்க்குள் போகும்.

இரண்டாம் படி: மடிப்பு

இந்த மடிப்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். ஒரே தாள், ஒரே ஒரு வெட்டு. பசையும் வேண்டாம், ஸ்டேப்ளரும் வேண்டாம். அட்டை உட்பட எட்டுப் பக்கம் கிடைத்துவிடும்.

தாளை அகலவாக்கில் மேஜை மேல் வையுங்கள். மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடு சேர்த்து நீளமாக மடித்து, நகத்தால் அழுத்திவிட்டுப் பிரியுங்கள். அடுத்து இடது விளிம்பை வலது விளிம்போடு சேர்த்து மடித்துப் பிரியுங்கள். பிறகு இரண்டு ஓரங்களையும் நடு மடிப்புவரை கொண்டுவந்து மடித்துப் பிரியுங்கள். இப்போது தாளில் எட்டுக் கட்டங்கள் தெரியும்: மேலே நான்கு, கீழே நான்கு. ஏ4 தாள் 297க்கு 210 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 74க்கு 105 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெரியவரின் உள்ளங்கை அளவு.

இனி வெட்டு. தாளை இடமிருந்து வலமாகப் பாதியாக மடித்துப் பிடியுங்கள். மடிந்த பக்கத்தில் நடுவே ஓடும் கோட்டைப் பிடித்து, அடுத்த குறுக்கு மடிப்பு வரும்வரை மட்டும் வெட்டுங்கள். அங்கே நின்றுவிட வேண்டும். ஓரம்வரை வெட்டினால் இரண்டு துண்டு தாள்தான் மிஞ்சும். எங்கள் வீட்டில் முதல் முயற்சியில் அதுதான் மிஞ்சியது. பிரித்துப் பார்த்தால் தாளின் நடுவில், இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு இருக்கும்.

கடைசியாகத் தாளை மறுபடி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து ஒன்றையொன்று நோக்கித் தள்ளுங்கள். நடுப் பிளவு வாயைத் திறக்கும். இன்னும் தள்ளினால் மேலிருந்து பார்க்கக் கூட்டல் குறிபோல நான்கு இதழ்கள் நிற்கும். அவற்றை ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம். அந்த வாய் திறக்கும் தருணத்தை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள். வெட்டும் வேலை வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும். தள்ளும் வேலை குழந்தையுடையது. தட்டையான தாள் கண்முன்னே புத்தகமாகும் அந்த வினாடிக்காகவே என் மகள் ஒரு நாளில் பதினொரு வெற்றுப் புத்தகங்களை மடித்து அடுக்கினாள்.

எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். வெற்றுப் புத்தகத்தை முதலில் மடித்து, பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போட்டு, பிறகு தாளைப் பிரித்துவிடுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து 6, 7, 8, 1 என்று நேராகவும், மேல் வரிசையில் 5, 4, 3, 2 என்று தலைகீழாகவும் இருக்கும். ஒரு வரிசையை முடித்ததும் தாளைச் சுற்றிவைத்து அடுத்ததை எழுத வேண்டும். "பாதிப் பக்கங்கள் வௌவாலைப்போலத் தொங்குகின்றன" என்று என் மகள் சொன்ன விளக்கம் என்னுடையதைவிடத் தெளிவு.

எல்லாப் பக்கங்களும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதுதான் இந்த மடிப்பின் அருமை. ஒரு தாளை ஒரு முறை நகல் எடுத்தால் ஒரு முழுப் பிரதி கையில் வந்துவிடும்.

எட்டுப் பக்கம் போதவில்லை என்று ஆசிரியர் கேட்கும் நாளும் வரும். அப்போது நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதியாக மடியுங்கள், பதினாறு பக்கம். மடிப்புக் கோட்டில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று என மூன்று துளைகளைத் தடித்த ஊசியால் போட்டுக்கொள்ளுங்கள். நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, மேல்துளை வழியாக உள்ளே விட்டு, உள்ளேயே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே கொண்டுவந்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே இழுங்கள். நூலின் இரு முனைகளும் உள்ளே, நீளமாக ஓடும் தையலுக்கு இருபுறமும் நிற்கும். அந்தத் தையலை நடுவில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் கட்டு முடிந்தது.

மூன்றாம் படி: உள்ளே என்ன எழுதுவது?

"கதை எழுது" என்று சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் விழிப்பார்கள். "இன்று எதைப் பார்த்தாய்?" என்று கேட்டால் எழுதத் தொடங்கிவிடுவார்கள். பத்திரிகை என்ற வடிவத்தின் நன்மை அதுதான். செய்தி, வானிலை, விளம்பரம், விடுகதை, பேட்டி, காணவில்லை அறிவிப்பு என்று சின்னச் சின்னப் பெட்டிகளாக இடம் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு நான்கு வரி போதும்.

எங்கள் வீட்டில் தவறாமல் வருபவை இரண்டு. ஒன்று, பேட்டி. குழந்தை கேள்வி கேட்கிறது, பெரியவர் பதில் சொல்கிறார். ஒரே அறையில் அதிகாரம் இடம் மாறுகிறது. "தாத்தா, நீங்கள் எப்போது கடைசியாக ஓடினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தாத்தாவுக்குக் கால் மணி நேரம் ஆனது. இன்னொன்று, காணவில்லை அறிவிப்பு. இடது காலுறை, ரப்பர், விழுந்த பல் எல்லாம் படத்தோடு வெளிவந்திருக்கின்றன. காலுறை கிடைத்துவிட்டது.

இன்னும் எழுதப் பழகாத குழந்தைக்கு நீங்கள் எழுத்தராக இருங்கள். மூன்று நான்கு வயதில் வரையும் மனிதர்களுக்குப் பெரும்பாலும் உடல் இருக்காது. தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். அது தவறு அல்ல, அந்த வயதின் வரைமுறை. உலகின் பல இடங்களிலும் குழந்தைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வயிறு எங்கே என்று கேட்காதீர்கள். "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். "இது அம்மா. அம்மா காத்து வாங்கப் போகிறாள். காத்து தீர்ந்துவிட்டது" என்று குழந்தை சொன்னால், அதை "அம்மா வெளியே செல்கிறார்" என்று திருத்தி எழுதும் எழுத்தரை வேலையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

படத்தைப் பார்த்து "இது என்ன, நாயா?" என்று ஊகிப்பதும் வேண்டாம். அது குதிரையாக இருக்கும்.

நான்காம் படி: சிவப்புப் பேனாவை எங்கே வைப்பது?

இழுப்பறையில். பூட்டி.

எழுத்துப் பிழை திருத்துவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு நோட்டு இருக்கிறது, வேறு நேரம் இருக்கிறது. பத்திரிகையில் குழந்தை கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அதையும் தனித்தாளில் எழுதிக் காட்டுங்கள், அவள் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். ர-ற, ல-ள-ழ, ன-ண-ந எல்லாம் பெரியவர்களுக்கே தடுமாறும் இடங்கள். எனக்கு இன்றும் ஒருசில சொற்களில் அகராதி தேவைப்படுகிறது.

படத்தில் கைவைப்பது எழுத்தில் கைவைப்பதைவிட மோசம். "இந்த மூக்கை மட்டும் கொஞ்சம்…" என்று பென்சிலை வாங்கினால் அந்தப் பக்கம் இரண்டு பேருடையதாகிவிடும். குழந்தைக்கு அது உடனே தெரியும். வெளியில் யாரேனும் "மூக்கு அழகாக இருக்கிறது" என்று பாராட்டும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

பரிசு விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பட்டை கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் முடிவில் அதே சான்றிதழ் தரப்பட்டது. மூன்றாவது குழுவுக்குச் சான்றிதழே இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல விளையாடும் நேரத்தில் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்குறுதி பெற்ற குழந்தைகள் மற்ற இரு குழுவினர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

ஆகவே "ஐந்து இதழ் முடித்தால் சைக்கிள்" என்ற பேரம் வேண்டாம். இதழ் வந்த பிறகு, அதற்கென்று ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள். அது வேறு விஷயம்.

ஐந்தாம் படி: பிரதி எடுத்தல்

நகல் இயந்திரம் எல்லாவற்றையும் பார்க்காது. மெல்லிய பென்சில் கோடும் வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் பெரும்பாலும் காணாமல் போய்விடும். முக்கியமான கோடுகளையும் எழுத்தையும் கறுப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். தாளின் நான்கு ஓரங்களிலும் அரை சென்டிமீட்டராவது விட வேண்டும்; பல இயந்திரங்கள் விளிம்புவரை அச்சிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரைந்து முடித்தபின் யானையின் வால் வெட்டுப்படுவதைப் பார்க்கும் துயரம் யாருக்கும் வேண்டாம்.

வண்ணம் வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்து, ஒவ்வொரு பிரதிக்கும் குழந்தையே கையால் வண்ணம் தீட்டலாம். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருக்காது. பாட்டியின் பிரதியில் சூரியன் பச்சை, சித்தியின் பிரதியில் ஊதா. தொலைபேசியில் இருவரும் ஒப்பிட்டுப் பேசிக்கொள்ள அதுவே ஒரு விஷயமாகிவிட்டது.

முதல் இதழுக்கு ஐந்து பிரதிகளுக்கு மேல் வேண்டாம். ஐந்தையும் மடிப்பது குழந்தைதான். மூன்றாவதற்கு மேல் அலுப்புத் தட்டும்.

அளவில் சிறியதாயிற்றே என்று யாராவது சொன்னால் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர்களான பிரான்டே சகோதரிகளின் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லுங்கள். 1826இல் தந்தை பன்னிரண்டு மர வீரர்களை வாங்கிவந்தார். குழந்தைகள் அந்தப் பொம்மைகளுக்குப் பெயர் வைத்து, கதை கட்டி, சில ஆண்டுகளில் அந்த வீரர்கள் படிக்கும் அளவில் பத்திரிகைகளே தயாரிக்கத் தொடங்கினார்கள். கிடைத்த துண்டுத் தாள்களில், அச்செழுத்துபோல் தோன்றும் பொடி எழுத்தில் எழுதி, நூலால் தைத்தவை அவை. பதினான்கு வயதில் சார்லட் பிரான்டே எழுதிய ஓர் இதழின் அளவு 35க்கு 61 மில்லிமீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வாசகர்கள் மர வீரர்கள் என்பதால் அளவு சரியாகத்தான் இருந்தது.

ஆறாம் படி: யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

என் அனுபவத்தில் பாதி மகிழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. அதைக் கெடுப்பதும் எளிது.

வாசகர் பட்டியலைக் குழந்தையே எழுதட்டும். பட்டியல் உங்களுக்கு வியப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டாவது பெயர் மேல்மாடியில் இருக்கும், யாரிடமும் அதிகம் பேசாத ஒரு பெரியவர். மூன்றாவது நாய். நான் எதிர்பார்த்த அத்தை பட்டியலிலேயே இல்லை. நான் சிபாரிசு செய்யவில்லை. நாய் பிரதியைக் கடித்துவிட்டது. "பிடித்திருக்கிறது" என்று ஆசிரியர் குறித்துக்கொண்டார்.

கொடுப்பது குழந்தையின் கையால் நடக்க வேண்டும். வெட்கப்படும் குழந்தை கதவடியில் செருகிவிட்டு ஓடிவரலாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பலாம். விருந்தினர் கூடியிருக்கும்போது "உன் பத்திரிகையை எடுத்துவந்து படித்துக் காட்டு" என்று அழைப்பது பகிர்வு அல்ல, பரீட்சை.

வாங்குபவர்களுக்கும் ஒரு பயிற்சி தேவை. முன்கூட்டியே அவர்களிடம் காதில் போட்டுவையுங்கள்: "அருமை, பிரமாதம்" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் வைத்துவிட வேண்டாம், குழந்தை கண்முன்னே எட்டுப் பக்கத்தையும் படியுங்கள், ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். மேல்மாடிப் பெரியவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தார். பிறகு, "இந்த எறும்பு எதை மறந்தது?" என்று கேட்டார். மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அடுத்த இதழில் வரும்" என்றாள்.

மூன்று வாரமாக நின்றிருந்த பத்திரிகை அன்று மாலையே மறுபடி தொடங்கியது.

அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் கால்வாசி இடத்தைக் காலியாக விட்டு, "உங்கள் கடிதம்" என்று தலைப்பிடுங்கள். படித்தவர் அதில் இரண்டு வரி எழுதி, கிழித்துத் திருப்பிக் கொடுக்கலாம். வரும் கடிதங்கள் அடுத்த இதழில் வெளியாகும். கடிதம் வர ஆரம்பித்துவிட்டால் நீங்கள் எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இணையத்தில் போடுவது பற்றி. முதலில் குழந்தையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்காதீர்கள். சரி என்றால், பெயர், பள்ளி, முகவரி, சீருடை எதுவும் பக்கத்திலோ பின்னணியிலோ தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் பதிந்திருக்கலாம். அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு எடுங்கள். நான் பெரும்பாலும் போடுவதில்லை. முன்பின் தெரியாத நூறு பேரின் விருப்பக் குறியை என் மகளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்த ஒருவரை அவளுக்குத் தெரியும்.

ஏழாம் படி: பத்திரப்படுத்துதல்

ஒவ்வோர் இதழின் மூலப் பிரதியையும் மடிக்காமல் தனியாக வையுங்கள். பின்புறம் பென்சிலால் தேதியும் வயதும் குறியுங்கள்; பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் மறந்துவிடும். ஸ்கெட்ச் பேனா மை வெளிச்சத்தில் வெளுக்கும். ஆகவே சுவரில் ஒட்டுவது நகலாக இருக்கட்டும், மூலம் இருட்டான பெட்டிக்குள் போகட்டும். பசைநாடா நாளடைவில் மஞ்சளாகித் தாளையும் கறையாக்கும். அதை மூலத்தில் ஒட்ட வேண்டாம். ஸ்கேன் செய்வதாக இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி போதும். கைபேசியில் எடுப்பதாக இருந்தால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர்மேலிருந்து எடுங்கள்.

இடையில் நின்றுவிட்டால்

நிற்கும். இரண்டு மாதம் ஒரு வரிகூட வராது. அப்படியே விடுங்கள். மேஜையில் நான்கைந்து வெற்றுப் புத்தகங்களை மட்டும் மடித்து வைத்திருங்கள். "எப்போது அடுத்த இதழ்?" என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு, வீட்டாருக்கு இல்லை என்பது எங்கள் விதி. அண்ணன் தம்பி சண்டை வந்தால் ஒரே பத்திரிகையில் இருவரையும் ஆசிரியராக்காதீர்கள். போட்டிப் பத்திரிகை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

எழுத்துப் பிழை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் திருத்தியதற்குப் பிறகும் எட்டாம் இதழ்வரை 'எரும்புச் செய்தி' என்ற பெயரிலேயே வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சென்ற மாதம் வந்த ஒன்பதாம் இதழில் அட்டையில் ற இருந்தது. ஏழாம் பக்கத்தில், கட்டம் கட்டி, இப்படி ஓர் அறிவிப்பு:

"திருத்தம்: இதுவரை எறும்புகளின் பெயரைத் தவறாக எழுதிவிட்டோம். எறும்புகள் மன்னிக்கவும். — ஆசிரியர்."